வைசிஸ் அனியூவிஷன் ஃபிஷ் கிட்: ஐந்து குரோமோசோம்களுக்கு நம்பலாம், ஆறாவதைக் கேட்காதீர்கள்

பனிக்குட நீரில் கிடைக்கிற செல்களைக் கல்ச்சரில் வளர்க்காமலேயே 13, 18, 21, எக்ஸ், ஒய் ஆகிய ஐந்து குரோமோசோம்களின் எண்ணிக்கையை ஓரிரு நாளில் சொல்லிவிடுவது அனியூவிஷன் புரோப் கிட். ஒளிரும் சிறு டி.என்.ஏ துண்டுகளை (புரோப்) குரோமோசோமில் ஒட்டவைத்து, மைக்ரோஸ்கோப்பில் புள்ளிகளாக எண்ணும் ஃபிஷ் முறை இது. அமெரிக்காவில் 1997-இல் அனுமதி பெற்றது. இதை உருவாக்கிய வைசிஸ் நிறுவனம் 2001-இல் அபோட் கைக்குப் போனது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. இத்தனை ஆண்டு கழித்தும் சைட்டோஜெனடிக்ஸ் லேப்களில் இதற்கு இடம் இருக்கிறது என்பதே இதன் தரத்தைக் காட்டும். ஆனால் லேப் தொடங்குகிறவர்கள் இதைக் கேரியோடைப்புக்கு (எல்லாக் குரோமோசோம்களையும் பார்க்கும் முழுச் சோதனை) மாற்றாக நினைத்து வாங்கினால் ஏமாந்து போவார்கள். இது தனியாக நின்று முடிவு சொல்லும் சோதனை அல்ல, மற்றச் சோதனைகளோடு சேர்த்துப் படிக்க வேண்டியது என்று கிட்டோடு வரும் குறிப்பே சொல்கிறது. அந்த வரியை மனதில் வைத்துக்கொண்டால், இதைவிடத் தெளிவான விரைவுச் சோதனை சிறிய லேப்புக்குக் கிடைப்பது கடினம்.

வேகம் ஏன் வேண்டும்? பனிக்குட நீர் எடுப்பது பெரும்பாலும் 16 முதல் 18 வாரத்தில். கல்ச்சர் வளர்ந்து, குரோமோசோம்கள் தனித்தனியாகத் தெரியும் மெட்டாஃபேஸ் நிலை கிடைத்து, அவற்றில் கோடுகள் தெரியப் பேண்டிங் செய்து, 20 செல்லை எண்ணி ரிப்போர்ட் எழுத இரண்டு முதல் மூன்று வாரம் ஆகிவிடும். 2021 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இந்தியாவில் கருக்கலைப்புக்கான எல்லை குறிப்பிட்ட பிரிவினருக்கு 24 வாரம் என்று நீண்டிருக்கிறது; அதைத் தாண்டினால் மருத்துவக் குழுவின் அனுமதி வேண்டும். 20 வார ஸ்கேனில்தான் முதன்முதலாகக் குறை தெரிந்து வருகிற தாய்க்கு இந்தக் கணக்கு மிகவும் இறுக்கமானது. அவருக்கு ஒவ்வொரு நாளும் முக்கியம். இந்த கிட்டின் உண்மையான பயன் அங்கேதான்.

பெட்டிக்குள் இரண்டு புரோப் கலவைகள். முதலாவதில் 18-க்கு நீலப்பச்சை, எக்ஸுக்குப் பச்சை, ஒய்க்கு ஆரஞ்சு. மூன்றுமே குரோமோசோமின் இடுப்பான சென்ட்ரோமியர் பகுதியில் திரும்பத் திரும்ப வரும் ஆல்ஃபா சாட்டிலைட் டி.என்.ஏ-வில் ஒட்டுபவை. இரண்டாவதில் 13-க்குப் பச்சை, 21-க்கு ஆரஞ்சு. இவை சென்ட்ரோமியரில் ஒட்டுவதில்லை. 13-இன் புரோப் ஆர்.பி.1 ஜீன் இருக்கும் நீண்ட கைப் பகுதியிலும், 21-இன் புரோப் 21க்யூ22 பகுதியிலும் உட்காரும். 13-இன் சென்ட்ரோமியர் வரிசையும் 21-இன் வரிசையும் பிரித்தறிய முடியாத அளவுக்கு ஒன்றுபோல இருப்பதுதான் காரணம். சென்ட்ரோமியர் புரோப் போட்டால் இரண்டும் சேர்ந்து நான்கு புள்ளியாகத் தெரியும், எது எதுவென்று சொல்ல முடியாது. இந்த வேறுபாடு செய்முறையிலும் தெரியும். சென்ட்ரோமியர் புரோப்கள் பெரிய, தடித்த புள்ளி தரும், சீக்கிரம் ஒட்டிவிடும். 13/21 புரோப்கள் சின்னதாக, கூர்மையாக இருக்கும்; இரவு முழுக்க விட்டால்தான் நன்றாகத் தெரியும். குறைந்தது 6 மணி நேரம் போதும் என்ற எல்லையை நம்பி மாலையில் எடுத்துவிடாதீர்கள். 18/எக்ஸ்/ஒய் அழகாக வந்திருக்கும், 21 மங்கியிருக்கும். கவலையோடு காத்திருக்கும் குடும்பம் முதலில் கேட்பது டவுன் சின்ட்ரோமுக்குக் காரணமான 21-ஐத்தான்.

புரோப் ஹைபிரிடைசேஷன் பஃபரில் (அது டி.என்.ஏ-வில் ஒட்ட உதவும் கரைசல்) கலந்தே வருகிறது. அளந்து சேர்க்கும் வேலையும் அதில் வரும் பிழையும் இல்லை. 22-க்கு 22 மில்லிமீட்டர் கவர்ஸ்லிப்புக்கு 10 மைக்ரோலிட்டர் கணக்கு. செலவைக் குறைக்கச் சிறிய வட்டக் கவர்ஸ்லிப்பில் 3 மைக்ரோலிட்டர் போடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. செய்யலாம், ஆனால் அது தயாரிப்பாளர் சொன்ன முறை அல்ல. உங்கள் லேப்பில் முழு அளவோடு பக்கத்தில் வைத்துச் சரிபார்த்து, பதிவு செய்த பிறகே நோயாளி சாம்பிளில் கை வைக்க வேண்டும். சிறிய பரப்பில் போடும்போது செல் அடர்த்தியும் கூடுதலாக வேண்டும். பனிக்குட நீரில் அது எப்போதும் கிடைப்பதில்லை.

சாம்பிள் பற்றி. கர்ப்ப வாரத்துக்கு ஒரு மில்லிலிட்டர் என்ற பொதுக் கணக்கில் 16 முதல் 20 மில்லிலிட்டர் வரும். முதல் 1 அல்லது 2 மில்லிலிட்டரைத் தனி சிரிஞ்சில் எடுத்து ஒதுக்கிவிட வேண்டும். ஊசி தாயின் தோலையும் கர்ப்பப்பைச் சுவரையும் கடந்து வருவதால் தாயின் செல்கள் அதில்தான் அதிகம். மீதியில் 2 முதல் 5 மில்லிலிட்டர் ஃபிஷ்ஷுக்குப் போதும், மற்றதெல்லாம் கல்ச்சருக்கு. சாம்பிள் குறைவாக வந்தால் கல்ச்சருக்கே முன்னுரிமை கொடுங்கள். ஃபிஷ் சரியாக வராவிட்டால் கல்ச்சரில் வளர்ந்த செல்லில் மறுபடி செய்துகொள்ளலாம்; கல்ச்சர் போய்விட்டால் ஊசியை மறுபடி போட வேண்டியதுதான்.

செல்களைச் சுழற்றி இறக்கி, 0.075 மோலார் பொட்டாசியம் குளோரைடில் 37 டிகிரியில் ஊறவைத்து, மூன்று பங்கு மெத்தனால், ஒரு பங்கு அசிட்டிக் அமிலக் கலவையில் ஃபிக்ஸ் செய்து ஸ்லைடில் விடுகிறோம். பனிக்குட நீர்ச் செல்கள் ரத்தச் செல் மாதிரி ஒழுங்காக இருக்காது. பலவும் உதிர்ந்த தோல் செல்கள்; நியூக்ளியஸைச் சுற்றிச் சைட்டோபிளாசம் தடித்த உறையாக ஒட்டிக்கொண்டிருக்கும், அதுவே பச்சையாக ஒளிரவும் செய்யும். இந்த உறையை நீக்கத்தான் 37 டிகிரியில் பெப்சின் என்சைம். மொத்தச் செய்முறையில் கைப்பக்குவம் கேட்கிற படி இது ஒன்றுதான். பெப்சின் குறைந்தால் புரோப் உள்ளே போகாது, நியூக்ளியஸ் மேல் பச்சை மூட்டம் படர்ந்திருக்கும். கூடினால் நியூக்ளியஸ் ஓட்டை விழுந்து, டாப்பி என்ற நீல நிறமே ஏறாமல் வெளிறி நிற்கும், சிக்னல் சிதறும். நிமிடக் கணக்கை மட்டும் நம்பாமல், ஸ்லைடை ஃபேஸ் கான்ட்ராஸ்டில் பார்த்து முடிவெடுங்கள்: நியூக்ளியஸைச் சுற்றிப் பளபளப்பான விளிம்பு தெரிந்தால் இன்னும் உறை இருக்கிறது. பெப்சின் புதிய லாட் (தயாரிப்புத் தொகுதி) திறக்கும்போது பழைய நேரமே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பிறகு ஒரு சதவீத ஃபார்மால்டிஹைடில் நிலைப்படுத்தி, 70, 85, 100 சதவீத எத்தனாலில் வரிசையாக நீர் நீக்குவது. இதில் சிக்கல் ஏதும் வருவதில்லை.

டி.என்.ஏ இழைகளைப் பிரிக்கும் டிநேச்சரேஷன் 73 டிகிரி. ஹைபிரைட் போன்ற சூட்டுத் தட்டு இருந்தால் ஸ்லைடையும் புரோப்பையும் சேர்த்தே சூடாக்கிவிடலாம், கவலையில்லை. இல்லாத லேப்பில் வாட்டர் பாத்தில் ஸ்லைடுகளை நிறுத்தி வைக்கும் காப்ளின் ஜார், அதில் 70 சதவீத ஃபார்மமைடு, ஐந்து நிமிடம். இங்கே ஒரு எளிய உண்மை அடிக்கடி மறந்துபோகிறது. அறைச் சூட்டில் இருக்கும் ஒவ்வொரு ஸ்லைடும் ஜாரின் சூட்டை ஏறக்குறைய ஒரு டிகிரி இறக்கும். நான்கு ஸ்லைடு ஒன்றாக இறக்கினால் 73 என்று நீங்கள் நினைப்பது 69. டி.என்.ஏ இழைகள் பிரியாது, சிக்னல் வராது, பழி புரோப் மேல் விழும். நான்கு ஸ்லைடு என்றால் முன்கூட்டியே நான்கு டிகிரி கூட்டி வையுங்கள். தெர்மாமீட்டர் ஜாருக்கு உள்ளே இருக்கட்டும். பாத்தின் டிஜிட்டல் எண் வெளித் தண்ணீரின் சூட்டைத்தான் காட்டும். ஃபார்மமைடு கரைசலைக் குளிரில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், பி.எச் 7-க்கும் 8-க்கும் இடையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அது தோல் வழியாகவும் உடலுக்குள் போகும், கருவைப் பாதிக்கக்கூடியது. கர்ப்பிணிகள் இந்தப் படியைக் கையாளக் கூடாது. ஃபியூம் ஹுட், கையுறை கட்டாயம்.

கவர்ஸ்லிப்பின் நான்கு விளிம்பையும் ரப்பர் சிமென்டால் அடைத்து, ஈரப்பெட்டியில் 37 டிகிரியில் இரவு முழுக்க விடுவது. ஒரு மூலையில் இடைவெளி இருந்தாலும் அந்தப் பக்கம் காய்ந்து, காலையில் உப்புத்தூள் தெளித்தது போல ஆரஞ்சுப் பொடி மின்னும். அந்த இடத்தை எண்ணாமல் விட்டுவிடுங்கள். காலையில் 0.4 மடங்கு எஸ்.எஸ்.சி உப்புக் கரைசலில் 0.3 சதவீத என்.பி-40 என்ற சோப்புப் பொருள் கலந்து, 73 டிகிரியில் இரண்டு நிமிடம் கழுவுதல். பிறகு 2 மடங்கு எஸ்.எஸ்.சி-யில் அறைச் சூட்டில் ஒரு முங்கு. சூடு குறைந்தால் ஆல்ஃபா சாட்டிலைட் புரோப்கள் உறவுக்கார சென்ட்ரோமியர்களில் மங்கலாக ஒட்டியிருக்கும். மூன்றாவது புள்ளி போல ஏமாற்றும்.

டாப்பியில் ஒரு எச்சரிக்கை. கிட்டில் வருவது டாப்பி-2, மில்லிலிட்டருக்கு 125 நானோகிராம். லேப்பில் வேறு வேலைக்கு வைத்திருக்கும் டாப்பி-1 அதைவிட எட்டு மடங்கு செறிவு, 1000 நானோகிராம். அவசரத்தில் அதை விட்டுவிட்டால் நியூக்ளியஸ் நீலத்தில் பளிச்சென்று தெரியும், ஆனால் 18-இன் நீலப்பச்சைப் புள்ளி அந்த நீலத்தில் மூழ்கிவிடும். இந்த நீலப்பச்சை நிறமே கிட்டின் பலவீனமான பக்கம். டாப்பியின் ஒளியலைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதால் இதற்கென்று தனி ஃபில்டர் கட்டாயம். மூவண்ண ஃபில்டரில் தெரியாது. ஏறத்தாழ 430 நானோமீட்டரில் தூண்ட வேண்டும். பழைய மெர்குரி விளக்கில் அந்த ஒளி தாராளமாகக் கிடைத்தது. புதிதாக எல்.இ.டி விளக்குப் பெட்டி வாங்குகிறவர்கள் அதில் இந்த அலைநீளத்துக்கு எல்.இ.டி இருக்கிறதா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கிட்டின் விலையை மட்டும் பார்த்துவிட்டு மைக்ரோஸ்கோப்பில் ஃபில்டர் இல்லாமல் மாட்டிக்கொள்வதுதான் பொதுவாக நடக்கிற தவறு.

இனி எண்ணுவது. ஒரு கலவைக்குக் குறைந்தது 50 நியூக்ளியஸ், இரண்டு பேர் தனித்தனியாக ஆளுக்கு 25. ஒன்றன்மேல் ஒன்று விழுந்த நியூக்ளியஸ், விளிம்பு கிழிந்தது, ஒரு நிறமே தெரியாதது எல்லாம் கணக்கில் வராது. ஒரே அளவுள்ள இரண்டு புள்ளிகள் ஒரு புள்ளியின் அகலத்தைவிட நெருங்கி இருந்தால் அது ஒன்றுதான், டி.என்.ஏ இரட்டித்து முடித்த செல்லில் ஒரே குரோமோசோமின் இரு இழைகளும் இப்படி ஒட்டி நிற்கும். 13/21 புரோப்பில் இது அடிக்கடி வரும். புதியவர்கள் இதை மூன்றென்று எண்ணுவார்கள்.

50-இல் 46 நியூக்ளியஸில் 21-க்கு மூன்று ஆரஞ்சு, மற்ற குரோமோசோம்கள் இயல்பான எண்ணிக்கையில் என்றால் சந்தேகத்துக்கு இடமில்லை. 44-இல் இரண்டு, 5-இல் ஒன்று, 1-இல் மூன்று என்றால் அது இயல்பு. ஒன்றாகத் தெரிந்தவை ஒன்றின் பின் ஒன்று மறைந்தவை. தொல்லை நடுவில். 50-இல் 18 நியூக்ளியஸில் மட்டும் மூன்று புள்ளி வந்தால்? மொசைக்காக (சில செல்களில் மட்டும் கோளாறு) இருக்கலாம், தாயின் செல் கலந்திருக்கலாம், ஸ்லைடே சரியில்லாமல் இருக்கலாம். இங்கே ரிப்போர்ட் எழுதக் கூடாது. இன்னும் 100 செல் எண்ணி, கல்ச்சருக்குக் காத்திருக்க வேண்டும். இயல்பு, இயல்பல்ல என்பதற்கான எல்லைகளை ஒவ்வொரு லேப்பும் தன் சாம்பிள்களில் செய்து நிர்ணயித்துக்கொள்ள வேண்டும், அடுத்த லேப்பின் எண்ணைக் கடன் வாங்கக் கூடாது.

எக்ஸ், ஒய் புள்ளிகள் வேறொரு வேலையும் செய்கின்றன. ஆண் கருவின் சாம்பிளில் எக்ஸ்எக்ஸ் செல்கள் கலந்து தெரிந்தால் தாயின் ரத்தம் சேர்ந்திருக்கிறது என்று உடனே பிடிபடும். பெண் கருவானால் இது தெரியவே தெரியாது: தாயும் எக்ஸ்எக்ஸ், கருவும் எக்ஸ்எக்ஸ். ரத்தம் கலந்த சிவப்பு சாம்பிளில் 'எல்லாம் இரண்டிரண்டு, பெண்' என்று வரும் முடிவை அதனால்தான் அப்படியே வெளியே விடக் கூடாது. ஒருவேளை நீங்கள் எண்ணியது முழுக்கத் தாயின் செல்லாக இருக்கலாம். இந்தியாவில் இன்னொரு கடமையும் உண்டு. கருவின் பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குரோமோசோம் குறைபாட்டைக் கண்டறிய இந்தச் சோதனை செய்யலாம், ஆனால் பதிவு பெற்ற மரபியல் லேப்பில் மட்டும். கருவின் பாலினத்தைச் சொல்லாலோ சைகையாலோ எழுத்தாலோ தெரிவிக்கக் கூடாது. இயல்பான முடிவில் 'பாலினக் குரோமோசோம்களின் எண்ணிக்கை இயல்பு' என்பதோடு நிறுத்த வேண்டும். ரிப்போர்ட்டில் ஒட்டும் படத்தையும் கவனியுங்கள். 18/எக்ஸ்/ஒய் படத்தை அப்படியே ஒட்டினால் பச்சைப் புள்ளி எத்தனை, ஆரஞ்சு இருக்கிறதா என்று எண்ணத் தெரிந்த யாருக்கும் விஷயம் தெரிந்துவிடும்.

இந்த கிட் எங்கே தவறும்? 18-இன் ஆல்ஃபா சாட்டிலைட் அளவு ஆளுக்கு ஆள் மாறும். சிலரிடம் ஒரு குரோமோசோமில் அது மிகச் சிறியது, புள்ளி கண்ணுக்கே தெரியாது. அப்படிப்பட்டவருக்கு எல்லாச் செல்லிலும் ஒரே நீலப்பச்சைப் புள்ளி வந்தால் நாம் நின்று யோசிப்போம், ஏனெனில் 18 ஒன்றே ஒன்றாக உள்ள கரு இந்த வாரம் வரை தங்காது. ஆனால் உண்மையில் மூன்று 18 உள்ள கருவில் ஒன்று தெரியாமல் போனால்? இரண்டு புள்ளி, 'இயல்பு'. ஸ்கேனில் கைவிரல்கள் மடங்கி, வளர்ச்சி குன்றி 18-இன் சாயல் தெரியும்போது ஃபிஷ் இயல்பென்று சொன்னால், 18-இன் நீண்ட கைக்கு வேறொரு புரோப் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது அமைப்பு மாற்றம். மூன்று ஆரஞ்சுப் புள்ளி 21 மூன்று மடங்கு இருப்பதைச் சொல்லும். மூன்றாவது தனியாக நிற்கிறதா, 14-உடன் ஒட்டியிருக்கிறதா என்று சொல்லாது. பிறக்கப்போகும் குழந்தைக்கு இரண்டும் ஒன்றுதான். அடுத்த கர்ப்பத்துக்கு ஒன்றல்ல. ஒட்டியிருந்தால் பெற்றோர் இருவருக்கும் கேரியோடைப் பார்க்க வேண்டும்; பெற்றோரில் ஒருவரிடம் 21-உம் 21-உம் ஒட்டியிருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் டவுன் சின்ட்ரோம்தான். இதை மெட்டாஃபேஸைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். ஃபிஷ்ஷில் மூன்று வந்துவிட்டது, கல்ச்சரை மூடிவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் குடும்பத்தின் அடுத்த குழந்தைக்குரிய தகவல் அந்த ஃபிளாஸ்க்கில் இருக்கிறது.

கருச்சிதைவுத் திசுவுக்கு இந்த கிட்டை வாங்காதீர்கள். அங்கே அதிகம் வருவது 16 மூன்று மடங்கு ஆவது. இதில் 16 இல்லை. ஆனால் எல்லாக் குரோமோசோமும் மூன்று மூன்றாகும் டிரிப்ளாய்டியை இது நன்றாகப் பிடிக்கும்: 13, 18, 21 மூன்றுக்கும் மும்மூன்று புள்ளி. டி.என்.ஏ விகிதத்தை மட்டும் ஒப்பிடும் சோதனைகளான எம்.எல்.பி.ஏ-வும் சாதாரண அரே சி.ஜி.எச்-உம் 69,எக்ஸ்எக்ஸ்எக்ஸ் கருவில் எல்லாம் சமமாக உயர்ந்திருப்பதால் இயல்பென்றே காட்டும். செல்லுக்குள் நேரடியாக எண்ணுவதன் பலம் இது.

க்யூ.எஃப்-பி.சி.ஆருடன் ஒப்பிடாமல் முடிக்க முடியாது. பிரிட்டனில் இந்த விரைவுச் சோதனைக்கு அதுவே வழக்கமாகிவிட்டது. குரோமோசோமில் ஆளுக்கு ஆள் நீளம் மாறும் சிறு வரிசைகளைப் பெருக்கி, வரைபடத்தில் வரும் உச்சிகளின் அளவை ஒப்பிடுவது. இரண்டு உச்சி ஒன்றுக்கொன்று சமம் என்றால் இயல்பு. இரண்டுக்கு ஒன்று, அல்லது மூன்று சம உச்சி என்றால் மூன்று மடங்கு. ஒரு குரோமோசோமுக்குக் குறைந்தது இரண்டு மார்க்கராவது (அப்படிப்பட்ட சிறு வரிசை) பேச வேண்டும். டெவைசர், எலூசிஜீன் கிட்கள் பரவலாகக் கிடைக்கின்றன. ஒரே தட்டில் பல சாம்பிள் ஓட்டலாம், கண் வலிக்க எண்ண வேண்டாம், எல்லாவற்றுக்கும் மேலாகத் தாயின் ரத்தத்தைப் பக்கத்தில் ஓட்டினால் பெண் கருவிலும் கலப்படம் பிடிபடும். ஃபிஷ் திணறும் இடத்தில் இது தெளிவாகப் பேசும். பதிலுக்குக் குறைந்த அளவு மொசைக்கை விட்டுவிடும். ஜெனடிக் அனலைசர் என்ற விலையுயர்ந்த கருவி வேண்டும்.

ஆகவே வாரத்துக்கு இரண்டு மூன்று சாம்பிள் வரும், நல்ல ஃபுளோரசென்ஸ் மைக்ரோஸ்கோப்பும் எண்ணத் தெரிந்த இருவரும் இருக்கிற லேப்புக்கு அனியூவிஷன் சரி. நாளுக்குப் பத்து வந்தால் க்யூ.எஃப்-பி.சி.ஆர் பக்கம் போங்கள், ஃபிஷ்ஷை மொசைக் சந்தேகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். தாயின் ரத்தத்தில் செய்யும் என்.ஐ.பி.டி-யில் ஆபத்து அதிகம் என்று வந்தவருக்கும் பனிக்குட நீரில் இந்த இரண்டில் ஒன்று உடனே செய்யலாம். என்.ஐ.பி.டி பார்ப்பது நஞ்சுக்கொடியிலிருந்து வரும் டி.என்.ஏ, நஞ்சுக்கொடியில் மட்டும் கோளாறு இருந்து கரு சரியாக இருப்பதும் உண்டு.

வாங்கும்போது கவனிக்க: மைனஸ் 20 டிகிரியில், வெளிச்சம் படாமல் வர வேண்டியது. பெட்டியைத் திறந்ததும் உலர்பனி மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துப் பதிவு செய்யுங்கள். புதிய லாட்டை முடிவு தெரிந்த பழைய ஃபிக்ஸ் செய்த சாம்பிளில் பழைய லாட்டோடு பக்கத்தில் வைத்து ஓட்டுங்கள், இயல்பான ஒன்று, மூன்று மடங்கு உள்ள ஒன்று. முழுக்குழாயைத் திரும்பத் திரும்ப வெளியே எடுக்காமல், இருட்டான சிறு குழாய்களில் பிரித்து வையுங்கள். ஸ்லைடில் விடும் முன் அறைச் சூட்டுக்கு வந்ததும் கலக்கி, ஒரு சுழற்று சுழற்றி இறக்குங்கள். இந்தப் பஃபர் கெட்டியானது, அடியில் ஒன்றும் மேலே ஒன்றுமாக நிற்கும், கலக்காமல் எடுத்தால் ஒரு ஸ்லைடு பளிச்சென்றும் அடுத்தது மங்கியும் வரும்.